பதினோராவது பாடசாலை

அவருடைய சப்பாத்துக் கடையில் "அந்த அளவு இல்லை" என்று யாருக்கும் சொல்லப்பட்டதில்லை. கல்முனை பஸாரில், பஸ் நிலையத்துக்குத் திரும்பும் இடத்தில் இருந்த ஒடுக்கமான கடை அது. இல்லாத அளவைக் கேட்டு யாராவது வந்தால், "இரிங்க, இப்ப வரும்" என்று சொல்லி உட்கார வைப்பார். பிறகு பின்பக்கத்தால் இறங்கி அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று தேடிக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள் காரைதீவிலிருந்து வந்த ஒருவர் நண்பகல் லுஹருக்கு முன் உட்கார்ந்தவர், அஸருக்குப் பாங்கு சொன்ன நேரத்திலும் அதே வாங்கில் இருந்ததைப் பார்த்தேன். இரண்டு பிளேன்டீ குடித்திருந்தார். ஏழாம் இலக்கம் கேட்டவர், கடைசியில் எட்டாம் இலக்கச் சப்பாத்தின் முனையில் பஞ்சு அடைத்து வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவு நேரம் உபசரிக்கப்பட்ட பிறகு வெறுங்கையோடு எழுந்து போக அந்த மனிதருக்கு மனம் வந்திராது.

அவரை எல்லோரும் செக்கடரி காக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். எங்கள் பகுதிப் பாடசாலைகள் ஆறு சேர்ந்து நடத்திய உதைபந்தாட்டக் கூட்டுக்கு அவர் செயலாளர். பதிவேடு என்னிடம் இருந்தது. எந்தச் சனிக்கிழமை யார் யாரோடு விளையாடினார்கள், யார் கோல் போட்டார்கள் என்று எழுதி வைப்பது என் வேலை. இதை எழுதும்போதும் அந்தப் பதிவேடும் என் நாட்குறிப்புகளும் பக்கத்தில் இருக்கின்றன. ஆகையால் கிழமைகளில் பிழை இராது.

சனிக்கிழமை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, தமிழ்ப் பாடசாலைகளுக்குச் சனியும் ஞாயிறும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வாய்த்தது அந்த ஒரு நாள்தான். அதைக் கண்டுபிடித்து அதன்மேல் ஒரு போட்டியையே கட்டியவர் அவர். தொண்ணூறாம் ஆண்டு வன்செயல்களுக்குப் பிறகு, ஒரு பக்கத்துப் பிள்ளைகள் மறுபக்கத்து ஊருக்குள் காலெடுத்து வைக்காத காலம் அது. கூட்டில் முதலில் முஸ்லிம் பாடசாலைகள் நான்குதான் இருந்தன. அவர்தான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, போக வேண்டாம் என்று தடுத்தவர்களுக்கெல்லாம் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு, சாகாமத்துக் குளத்துப் பக்கம் இருந்த ஒரு சின்னத் தமிழ்ப் பாடசாலைக்குப் போனார்.

அந்தப் பாடசாலை அதிபர் மெலிந்த மனிதர், மெல்லக் கதைப்பவர். பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். "நானே வந்து கூட்டிக்கொண்டு போறன் சேர். நானே கொண்டுவந்து விடுறன்" என்றாராம் இவர். சொன்னபடி செய்தார். மூன்று பருவம், அந்தப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போய், கடைசிச் சோதனைச்சாவடியைத் தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். அடுத்த வருடம் இன்னொரு தமிழ்ப் பாடசாலையும் தானாகவே வந்து சேர்ந்தது. இதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. அந்த வருடங்களில் அதைச் செய்யக்கூடியவர்கள் எங்கள் பக்கத்தில் மிகச் சிலரே இருந்தார்கள்.

ஆனால் அவரால் யார் முகத்துக்கு நேரேயும் 'இல்லை' என்று சொல்ல முடியாது. வெகுகாலம் அதை நாங்கள் நல்ல குணம் என்றே எண்ணியிருந்தோம்.

அவருடைய மனைவி அப்படி எண்ணவில்லை. சாய்ந்தமருதில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஒரு நோன்புப் பெருநாளுக்குப் போயிருந்தேன். மூத்த மகளைப் பெண் கேட்டு ஒரு வீட்டார் வந்திருக்கிறார்கள். இவர் ஓம் என்றிருக்கிறார். அடுத்த கிழமை இன்னொரு வீட்டார் வர, அவர்களுக்கும் ஓம். இரண்டாம் வீட்டார் இனிப்புத் தட்டோடு வந்து இறங்கிய அன்று மனைவிதான் வாசலில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் தாய் தெருவில் நின்று அழுதாளாம். இவர் அந்த நேரம் பள்ளிவாசலில் இருந்தார்.

"இந்த மனிசன் ஒருத்தருக்கும் மாட்டன் எண்டு சொல்லாததால ஊர்ல நான்தான் பொல்லாதவள், தம்பி" என்றார் அவர், வட்டிலப்பத்தை என் முன்னால் வைத்தபடி. காக்கா சிரித்துக்கொண்டு தேத்தண்ணீரைக் கலக்கினார். நானும் சிரித்தேன்.

தொண்ணூற்றாறு மார்ச்சில் நாடு கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றது. அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் விளையாட்டு என்றால் விளம்பரக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். கிரிக்கெட்டைக் காட்டும் உரிமையோ பெரிய கைகளுக்கு மட்டும் எட்டும் விலைக்குப் போய்விட்டது. ஆகவே சின்னக் கைகள் வேறு விளையாட்டைத் தேடின. அப்படித்தான் அந்த ஜூன் மாதம் கொழும்பிலிருந்து ஒரு தயாரிப்பாளர் சப்பாத்துக் கடைக்கு வந்து சேர்ந்தார். அலைவரிசை ஒன்றிடம் ஞாயிறு பின்னேரத்தில் அரைமணித்தியாலத்தைப் பத்து வாரத்துக்கு அவர் விலைக்கு வாங்கியிருந்தார். அதற்குள் பாடசாலை உதைபந்தாட்டத்தைப் போட்டு, இடையில் பிஸ்கட் விளம்பரம் விற்பது அவருடைய திட்டம்.

அவர் விளக்கியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நான் அதுவரை அப்படி யோசித்ததில்லை. கமராவுக்கும் ஆட்களுக்கும் ஜெனரேட்டருக்கும் ஆகும் செலவு ஆறு பாடசாலை என்றாலும் பத்துப் பாடசாலை என்றாலும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு புதிய பாடசாலையோடும் ஓர் ஊர் வருகிறது, ஊரோடு கடைகள் வருகின்றன, தங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தும் குடும்பங்கள் வருகின்றன. பிஸ்கட் கம்பனி வாங்குவது ஆட்டத்தையல்ல, அந்தக் குடும்பங்களை. அவர் ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். கம்பனி லொறி ஓடும் பாதை அதில் சிவப்பால் கீறியிருந்தது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து கரையோரமாகவே இறங்கி, கல்முனையைத் தொட்டு, பொத்துவில் வரை போயிற்று. அந்தக் கோட்டின்மேல் புதிதாக ஐந்து பாடசாலைகளை அடையாளமிட்டிருந்தார். பத்து வாரத்துக்குப் பத்து அணிகள்தான் கணக்குக்குச் சரிவரும். பழைய ஆறில் ஒன்று நிற்க வேண்டும்.

எதை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சாகாமத்துப் பக்கம் சிவப்புக் கோடு போகவில்லை. அங்கே அப்போது மின்சாரம் இல்லை.

"கரண்ட் இல்லாத இடத்தில டீவி இல்ல. டீவி இல்லாத இடத்தில பார்க்க ஆள் இல்ல" என்றார் தயாரிப்பாளர். கெட்ட மனிதரல்ல. வரைபடத்தை மடிக்கும்போது மன்னிப்புக் கேட்கிற மாதிரித்தான் மடித்தார்.

காக்கா ஓம் என்றார். அடுத்த சில வாரங்கள் அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் கண்டதில்லை. ஐந்து ஊர்களுக்குப் போய் ஐந்து அதிபர்களுக்கு ஓம் சொன்னார். ஆறாவது ஊருக்கு மட்டும் போவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

இந்த விரிவாக்கம் எப்படி முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து வாரம் முடிந்ததும் பிஸ்கட் கம்பனி ஒரு கேள்வி பதில் நிகழ்ச்சிக்குப் போய்விட்டது. அதற்கு மைதானமும் வேண்டாம், லொறியும் வேண்டாம். பொத்துவில் வரை அணிகளை அனுப்பப் பாடசாலைகளிடம் வசதி இல்லை. சனிக்கிழமையும் அதற்குள் குலைந்து போயிருந்தது. தயாரிப்பாளரின் வசதிக்கு ஆட்டங்களை வெவ்வேறு நாட்களுக்கு மாற்றியிருந்தோம். மறு வருடம் பழைய ஆறும் கூடவில்லை, புதிய பத்தும் கூடவில்லை. பதிவேட்டில் பாதிக்கு மேல் வெறும் தாள்.

எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு அட்டை அனுப்பினால் போதாது. வீட்டுக்குப் போய் வாயால் சொல்ல வேண்டும். சொல்லப் போகாத வீட்டார் வர மாட்டார்கள், சொல்லப் போன வீட்டார் வராமல் இருக்க மாட்டார்கள். காக்கா கூட்டையும் அப்படித்தான் நடத்தினார். பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு பாடசாலைக்கும் நேரில் போவார், ஒரு புதுப் பந்து கொடுப்பார், முதல் ஆட்டத்தின் நாளைச் சொல்வார். கடிதம் என்று ஒன்று ஒருபோதும் போனதில்லை. ஆகவே விலக்குவதையும் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று எங்கள் குழு தீர்மானித்தது. அதை மரியாதை என்று நினைத்தோம். "செயலாளர் நேரில் சென்று வருத்தத்துடன் அறிவிப்பார்" என்ற வரி என் கையெழுத்தில் பதிவேட்டில் இருக்கிறது. அவர் வந்து இறங்குவதே அந்த ஊருக்கு அழைப்பு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை சாகாமத்துக்குப் போனோம். நான் பின்னால் இருந்தேன். போகிற வழியில் திருக்கோவில் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பாடசாலைக்குக் கொடுப்பதற்காக ஒரு பந்தை வலைப்பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்தார். அங்கே அதிபர் இல்லாததால் பந்து அப்படியே கிடந்தது. அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவால் போய் பாடசாலை வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் பிள்ளைகள் பந்தைக் கண்டுவிட்டார்கள். நாங்கள் இறங்கியபோது வலைப்பை வெறுமையாகத் தொங்கியது. மைதானத்தில் பந்து உருண்டுகொண்டிருந்தது.

அதிபர் எங்களுக்கு எருமைத் தயிர் தந்தார்.

"இந்த முறை பிந்திட்டீங்க காக்கா. வராம விட்டிருவீங்களோ எண்டு பொடியனுகள் யோசிச்சுக்கொண்டு திரிஞ்சானுகள்."

"எப்படி சேர் வராம விடுற" என்றார் இவர்.

காக்கா தொண்டையைச் செருமினார். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். அதிபர் முந்திக்கொண்டார். தொலைக்காட்சிக்காரர்கள் வருவதாக அக்கரைப்பற்றில் கேள்விப்பட்டாராம், உண்மையா என்று கேட்டார். உண்மை என்றார் இவர்.

"எங்கட பிள்ளைகளையும் எடுப்பானுகளோ?"

காக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் யன்னலால் மைதானத்தைப் பார்த்தேன்.

"எடுப்பாங்க சேர்."

திரும்பும்போது குளக்கட்டில் வண்டியை நிறுத்தினார். நீயாவது ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்றார். செயலாளர் நான் இல்லையே என்றேன். இரண்டு பேரும் கோபமாக இருந்தோம். கடைசியில், ஒரு கடிதம் போட்டுவிடுவோம் என்றார். அந்தக் கிழமை மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "ஓம், எழுதுறன்" என்றார்.

தொடக்க நாள் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கே சாகாமத்து உழவு இயந்திரப் பெட்டி கல்முனை மைதானத்து வாசலில் வந்து நின்றது. தொடக்க நாளை அக்கரைப்பற்றில் கேட்டறிந்து விடியற்காலையில் புறப்பட்டிருக்கிறார்கள். மூன்று சோதனைச்சாவடிகளில் இறங்கி நடந்து ஏறியிருக்கிறார்கள். பழைய வெள்ளைச் சேர்ட்டுகளுக்கு மஞ்சள் சாயம் போட்டு, முதுகில் இலக்கம் தைத்திருந்தார்கள். சாயம் எல்லாச் சேர்ட்டிலும் ஒரே மாதிரிப் பிடித்திருக்கவில்லை.

இப்பவாவது சொல்லிவிடுங்கள் என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டு அவர்களிடம் போனார். அதிபருக்குக் கதிரை போட்டார். எல்லோருக்கும் சோடா வரவழைத்தார். பிறகு கமராக்காரரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு வெகுநேரம் கதைத்தார். பிரதம விருந்தினர் வர பத்து மணியாகும். அதற்கு முன் உள்ளூர்ப் பாடசாலையின் இரண்டாம் அணியோடு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஆட்டம் ஏற்பாடாயிற்று. கமராக்காரர் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு கோட்டோரமாக நடந்தார். இரண்டுக்கு ஒன்று என்று அவர்கள் வென்றார்கள். இரண்டாவது கோலைப் போட்டவன் நேரே கமராவுக்கு முன்னால் ஓடி வந்து நின்று சிரித்தான்.

நான் கமராவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கசட் போடும் மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"சந்தோஷமாப் போறானுகள்" என்றார் காக்கா, உழவு இயந்திரம் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு. வழக்கம்போல் பின்னால் போக அன்று அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. பிரதம விருந்தினர் வந்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதிபர் கடைக்கு வந்தார். ஜும்ஆத் தொழுகை முடிந்து நாங்கள் கடையைத் திறந்திருந்த நேரம். எங்கள் வழக்கத்தை அவர் நன்றாகக் கற்றிருந்தார். நேரில் வந்து சொல்லத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியைப் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வாடகைக்கு எடுக்கிறார்களாம், கார் பற்றரியில் ஓட்டப் போகிறார்களாம். செயலாளர் கட்டாயம் வந்து தங்களோடு இருந்து பார்க்க வேண்டும்.

அழைப்பை மறுக்க அவரால் முடியுமா? என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

மண்டபத்தில் இரண்டு மேசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அதன்மேல் பெட்டியை ஏற்றியிருந்தார்கள். அன்ரெனா மூங்கிலில் கூரைக்கு மேல் நின்றது. ஊரே வந்திருந்தது. எங்களுக்கு முன்வரிசையில் கதிரை. தயாரிப்பாளரின் தலைப்பு வந்தது, பிஸ்கட் வந்தது, பிரதம விருந்தினருக்கு மாலை போட்டார்கள். அவர் தலைக்குப் பின்னால், மைதானத்து வாசலில், ஒரு நொடிக்கு அவர்களுடைய உழவு இயந்திரம் தெரிந்தது. தயாரிப்பாளர் வேறொரு கமராவும் கொண்டுவந்திருந்தார் போல.

"எண்ட மெசினடா" என்றார் அதன் சொந்தக்காரர். மண்டபம் முழுவதும் கைதட்டியது. இனித் தங்கள் பிள்ளைகள் வருவார்கள் என்று எல்லோரும் முன்னுக்கு நகர்ந்தார்கள். பிறகு கரையோரத்துப் பாடசாலைகள் இரண்டு விளையாடின. பிறகு மறுபடியும் பிஸ்கட். பிறகு முடிந்துவிட்டது.

யாரும் எழும்பவில்லை. பின்னால் ஒரு குழந்தை ஏதோ கேட்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள். அதிபர்தான் எழுந்து ஊராரைப் பார்த்துச் சொன்னார், முதல் கிழமை பெரிய ஆட்களைத்தான் காட்டுவார்கள், அதுதான் முறை என்று. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அவர் குரலில் சந்தேகம் இருந்ததா என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். எனக்கு முடிவு தெரியவில்லை.

"எங்கட ஆட்டம் அடுத்த கிழமைதானே, காக்கா?"

ஊர் முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது.

"ஓம் சேர். அடுத்த கிழமை."

வெளிச்சம் இருக்கும்போதே சாவடிகளைத் தாண்ட வேண்டும் என்று உடனே புறப்பட்டோம். அக்கரைப்பற்றில் வண்டியை நிறுத்தினோம். அங்கே தேத்தண்ணீர்க் கடையில் வைத்துக் கேட்டேன், எதற்காக அப்படிச் சொன்னீர்கள் என்று.

"அத்தனை பேருக்கு முன்னால எப்பிடித் தம்பி சொல்லுற?"

"வாற ஞாயிறு இதவிடக் கூட ஆக்கள் வருவாங்க, காக்கா."

அவர் தேத்தண்ணீருக்குக் காசைக் கொடுத்தார். மறுகா பார்த்துக்கொள்ளலாம், ஏதாவது செய்வோம் என்றார்.

நான் எழுதினேன். திங்கட்கிழமை காலை, ஒரு தாளில், இரண்டு பந்தியில். உங்கள் பாடசாலை இம்முறை கூட்டில் இல்லை, அன்று கமராவுக்குள் கசட் இருக்கவில்லை, இரண்டும் எங்கள் பிழை. ஒன்பது மணிக்குத் தபாலில் சேர்த்தேன். ஞாயிறுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. பஸ் ஏறிப் போய் நேரில் சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கத்துக்குத் தபால் போவது பாதை திறந்திருப்பதைப் பொறுத்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கடிதத்தையே போட்டேன். காக்காவைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவன் இதையும் எழுத வேண்டும்.

பதில் அந்த மாதக் கடைசியில் வந்தது. அப்பியாசக் கொப்பித் தாள், அழகான சாய்வெழுத்து. "தங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அதற்கு முதல்நாளான ஞாயிறு ஊரார் அனைவரும் வந்திருந்தனர். திருக்கோவிலிலிருந்தும் சிலர் வந்திருந்தனர். உண்மையை அறிவித்தமைக்கு நன்றி." கீழே கையொப்பமும் பாடசாலை முத்திரையும் இருந்தன.

அதைக் கடைக்குக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். வாங்கில் யாரோ ஒருவர் சப்பாத்துக்காகக் காத்திருந்தார். காக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்.

"சேருக்குக் கோவமாமா?" என்று கேட்டார்.

நீங்களே வாசித்தீர்கள்தானே என்றேன்.

மூன்றாம் முறையும் வாசித்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவருடைய முகம் மெல்லத் தெளிந்தது.

"நன்றி எண்டுதானே எழுதியிரிக்கார்" என்றார்.